பைக் சக்கரத்துக்குள்ளே ஒரு குழாய்த் துண்டு! முடி கனம் குறைந்தாலும் பேரிங் காலி!

(நமது நகர நிருபர்)

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் பறக்கிறீர்கள். அண்ணாசாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஜி.எஸ்.டி. ரோடு... எங்கே பார்த்தாலும் இரண்டு சக்கர வண்டிதான். அந்தச் சக்கரத்தின் நடுவிலே என்ன இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"ஆக்ஸில் இருக்கு, ரெண்டு பக்கமும் பேரிங் இருக்கு" என்பீர்கள்.

சரிதான். ஆனால் உள்ளே இன்னொரு ஆசாமியும் இருக்கிறான். இரண்டு பேரிங்குக்கும் நடுவே, வெளியே தலை காட்டாமல், ஒரு சின்னக் குழாய்த் துண்டு!

ஸ்பேசர் என்று பெயர். சில மெக்கானிக்குகள் புஷ் என்பார்கள். விரல் நீளம்தான் இருக்கும். பெயின்ட் கிடையாது, பளபளப்பு கிடையாது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது அத்தனை அழுத்தத்தையும் தாங்குவது இந்தத் துண்டுதான். இது சரியான நீளத்தில் நின்றால் பேரிங்கின் உள் வளையங்கள் இரண்டும் விலகி நிற்கும். சக்கரம் வெண்ணெயாகச் சுற்றும்.

துண்டு குட்டையாகப் போனால்? நட்டை முறுக்க முறுக்க உள் வளையங்கள் உள்ளே இழுபடும். வெளி வளையமோ ஹப்பில் உட்கார்ந்துகொண்டு அசையாது. நடுவிலே மாட்டிக்கொண்ட குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். முதலில் சூடு, அப்புறம் 'உர்ர்' என்ற சத்தம், அப்புறம் பேரிங் காலி.

ரொம்ப நீளமாகப் போனாலும் வம்புதான். பேரிங் தன் இடத்தில் முழுசாக உட்காராது. சக்கரம் ஆட்டம் போடும்.

எவ்வளவு குட்டை, எவ்வளவு நீளம் என்று கேட்கிறீர்களா? பேரிங்குக்குள்ளே இருக்கிற பக்கவாட்டு ஆட்டமே முடி கனக் கணக்குதான். தலைமுடி ஒன்றின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டு முடி கனம் குறைந்தால் அந்த ஆட்டம் முழுவதையும் விழுங்கிவிடலாம்.

எங்கே பிறக்கிறது?

அம்பத்தூர், பாடி, கிண்டி, திருமுடிவாக்கம் பக்கம் போனால் சந்துக்குச் சந்து லேத் சத்தம் கேட்கும். பெரிய கம்பெனிக்குக் கீழே ஒரு கம்பெனி, அதற்குக் கீழே ஒரு பட்டறை, அதற்கும் கீழே ஷட்டர் போட்ட ஒற்றை அறையில் இரண்டு லேத். வரைபடமும் குழாயும் மேலேயிருந்து வரும். துண்டுகள் கீழேயிருந்து போகும். கூலி வேலை, அதாவது 'ஜாப் ஒர்க்'.

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. அம்பத்தூர் பேட்டை 1960-களில் வந்தது. அதற்கு முன்னாலேயே 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆலை இரும்புக் குழாய் செய்ய ஆரம்பித்துவிட்டது. அதே 1955-லேயே திருவொற்றியூர் பக்கம் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் கம்பெனியும் வந்தது. குழாயும் இங்கே, சக்கரமும் இங்கே. நடுவிலே அறுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? கடைசல் பட்டறைகள் முளைத்தன.

குழாய் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டையான இரும்புத் தகட்டைச் சுருட்டி, இரண்டு ஓரத்தையும் மின்சாரத்தால் பற்றவைக்கிறார்கள். அந்தத் தையல் உள்ளே ஒரு கோடாக நிற்கும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் அச்சுக்குள் விட்டு இழுத்து உருட்டாக்குகிறார்கள். எப்படிச் செய்தாலும் குழாய் நூற்றுக்கு நூறு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் கனம் கூட, ஒரு பக்கம் குறைய. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வம்பு இங்கிருந்துதான் வரப்போகிறது.

"அறுக்கிறதுதானே, என்ன பெரிய வித்தை?"

பிளம்பர் ஹேக்ஸா பிளேடால் குழாய் அறுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மரவேலைக்காரருக்கும் பைப் கடைக்காரருக்கும் 'நூல்' கணக்கு. எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். ஒரு நூல் என்றால் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அரை நூல் முன்னே பின்னே போனால் குடித்தண்ணீர்க் குழாய் கோபித்துக்கொள்ளாது.

லேத் பட்டறையில் அந்த நூலை நூறு பாகமாக வெட்டிப் பேசுகிறார்கள். வரைபடத்தில் "60 மி.மீ., கூட 0.05, குறைய 0.05" என்று போட்டிருந்தால், 59.95-க்குக் கீழே போன துண்டு பழைய இரும்புக் கடைக்குத்தான். 60.05-க்கு மேலே நின்றாலாவது இன்னொரு தரம் சீவலாம். குறைந்தது குறைந்ததுதான். இரும்பை இழுத்து நீட்ட முடியாது!

அதனால்தான் லேத். குழாய் சுற்றும், கத்தி நிற்கும். 'பார்ட்டிங் டூல்' என்று ஒல்லியான கத்தி, குழாயின் இடுப்பில் மெல்ல மெல்ல நுழையும். சுவர் முழுக்க வெட்டியதும் துண்டு பொத்தென்று விழும். பார்க்க சுலபம்.

ஒரே குழாய், ஒரே கத்தி, ஒரே ஆள். ஆனாலும் பத்துத் துண்டு அறுத்தால் பத்தும் ஒரே நீளம் வருவதில்லை! முடி முடியாக நீளம் எங்கே போகிறது? யார் திருடுகிறார்கள்?

திருட்டு வழக்கு எழுதிப் பழகிய கைக்கு இதுவும் ஒரு வழக்குதான். துருவிப் பார்த்தால் குற்றவாளி ஒருத்தன் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது.

பிடிக்கிற கையே எதிரி

முதல் சந்தேகம் சக் மீது. மூன்று தாடை வைத்த சக், குழாயை மூன்று இடத்தில் நெருக்கிப் பிடிக்கும். கெட்டியான தண்டென்றால் ஒன்றும் ஆகாது. குழாய் உள்ளே வெறும் காற்று. கழுத்தைப் பிடித்து நெரித்தால் நசுங்காமல் என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரியாமல் முக்கோணமாகும். அந்த நிலையில் உள்ளே கடைந்து வட்டமாக்குகிறோம். சக்கைத் தளர்த்தினதும் குழாய் மூச்சு விடும். வெளியே பழையபடி வட்டம், உள்ளே முக்கோணம்!

சாவியை இன்னும் ஒரு சுற்று முறுக்குகிறவன் திறமைசாலி இல்லை. எவ்வளவு லேசாகப் பிடித்தால் வேலை நழுவாது என்று கைக்குத் தெரிந்தவன்தான் திறமைசாலி.

இதற்கு மாற்று உண்டு. குழாயின் அளவுக்கே கடைந்த மெத்தென்ற தாடை போடலாம். பிடிக்கிற இடத்தில் குழாய்க்குள்ளே அளவாக ஒரு கட்டையைச் செருகலாம். செருகினால் இன்னொரு லாபம்: சத்தம் அடங்கும். வெறும் குழாயில் கத்தி வைத்தால் கோயில் மணி மாதிரி அதிர்ந்து 'கீச்ச்ச்' என்று கத்தும். அந்த அதிர்வு வெட்டின முகத்தில் அலை அலையாகப் பதிந்துவிடும்.

எல்லாவற்றிலும் நல்லது காலெட். சுற்றிலும் ஒரே சீராக அணைத்துப் பிடிக்கும் பிளவுபட்ட உறை. பின்பக்கமிருந்து இழுத்தால் கூம்புக்குள் போய் வாய் மூடிக்கொள்ளும். குழாய் நசுங்காது. சின்ன வேலைக்கு இதைவிட நல்ல பிடி இல்லை.

ஆனால் இந்த நல்லவனிடமும் ஒரு கள்ளத்தனம் உண்டு!

இறுக்கும்போது காலெட் பின்னால் நகருகிறதல்லவா? கூடவே குழாயையும் இழுத்துக்கொண்டு போகிறது. எல்லாத் துண்டையும் ஒரே அளவு இழுத்தால் பாதகமில்லை. குழாய் கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் அதிக தூரம் இழுக்கும். கொஞ்சம் குண்டாக இருந்தால் குறைந்த தூரத்திலேயே நின்றுவிடும். குழாயின் வெளி அகலத்தில் 0.05 மி.மீ. வித்தியாசம் வந்தால், நீளத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓடிவிடும். நீளம் தப்பிப் போனதற்குக் காரணம் அகலத்தில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கத்தியைச் சந்தேகப்பட்டு நாள் முழுக்கத் தீட்டிக்கொண்டிருந்த பட்டறைகள் உண்டு.

ஒரே பிடியில் முன்முகத்தையும் சீவி, அப்படியே பின்னால் அறுத்தும் எடுத்துவிட்டால் இந்தக் கள்ளத்தனம் பலிக்காது. துண்டைத் திருப்பிப் போட்டு அடுத்த முகத்தைச் சீவும்போதுதான் வினை. அப்போது துண்டு முட்டி நிற்க உள்ளே ஒரு 'ஸ்டாப்பர்' வைக்கிறார்கள். அந்த ஸ்டாப்பரைக் காலெட்டிலேயே மாட்டினால் அதுவும் சேர்ந்து நகரும், பிரயோசனமில்லை. பின்னால் ஸ்பிண்டிலில் ஊன்றி, அசையாமல் நிறுத்த வேண்டும். இல்லையென்றால், காலெட் நகராமல் வெளி உறை மட்டும் நகரும் ரகம் வாங்க வேண்டும். விலை கூட.

60 துண்டு மாயம்!

அடுத்த ஆசாமி கத்தி. இவன் திருடுவது பட்டப்பகலில்!

கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். 10 மி.மீ. நீளத்தில் துண்டு வேண்டும். கத்தியின் அகலம் 3 மி.மீ. ஒவ்வொரு துண்டுக்கும் 13 மி.மீ. குழாய் செலவு. 6 மீட்டர் குழாயில் 461 துண்டு வரும். கத்தி 1.5 மி.மீ. என்றால் செலவு 11.5 மி.மீ. அதே குழாயில் 521 துண்டு! கடைசியில் சக் பிடித்திருக்கும் மிச்சம் தனி. ஒரு குழாய்க்கு 60 துண்டு சுருளாகக் குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

"அப்படியானால் ஒல்லிக் கத்தியே போட வேண்டியதுதானே?"

போடலாம். ஒல்லிக் கத்தி வளையும். நேராகப் போகாமல் ஓரமாக நழுவும். வெட்டின முகம் தட்டையாக இல்லாமல் தட்டு மாதிரிக் குழியும். அந்தத் துண்டு பேரிங்கில் முழு முகத்தோடு உட்காராது. ஓரத்தில் மட்டும் தொடும். நீளம் சரியாக இருந்தும் வேலை தப்பு. அதிலும் கத்தியை வெளியே ரொம்ப நீட்டி மாட்டினால் படீரென்று ஒடியும். ஒடிந்த முனை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போடாமல் நிற்பவர்கள் கவனிக்க!

கத்தியின் உயரமும் நடுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். மேலே போனால் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு.

இன்னொரு சூட்சுமம். கத்தியின் முனையைக் கொஞ்சம் சாய்வாகத் தீட்டுகிறார்கள், துண்டுப் பக்கத்து மூலை முந்திக்கொள்ளும்படி. அந்த மூலை முதலில் குழாயின் உள்ளே எட்டிப் பார்த்துவிடும். துண்டு சுத்தமாகக் கழன்று விழும். மிச்சமுள்ள மெல்லிய வளையம் குழாயிலேயே தங்கும். நல்ல யோசனைதான். ஆனால் சாய்வு அதிகமானால் கத்தி ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, முகம் மறுபடியும் குழிந்துவிடும். ஒன்றை வாங்கினால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"அப்ப என்னத்த அளந்தே?"

பட்டறையில் புதுப்பையன் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே நடக்கிற பேச்சு இது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் கேட்கலாம்.

"அளந்தியாடா?"

"அளந்தேண்ணே. கரெக்டா இருக்கு."

"பிசிறு எடுத்தியா?"

பதில் வராது.

"அப்ப என்னத்த அளந்தே?"

அறுத்த ஓரத்தில் பிசிறு நிற்கும். கையால் தடவினால் கீறும். பிசிறோடு சேர்த்து வெர்னியரால் அளந்தால் 60.02 காட்டும். பிசிறை எடுத்துவிட்டு அளந்தால் 59.92! நல்லதென்று கூடையில் போட்டது அத்தனையும் ரிஜக்ட்.

சூடு இன்னொரு பொய் சாட்சி. அறுத்த கையோடு துண்டு சுடும். சுட்டால் இரும்பு நீளும். 60 மி.மீ. இரும்புத் துண்டு 40 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.03 மி.மீ. நீண்டு நிற்கும். அலுமினியம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 0.055. அனுமதித்ததே 0.05 தானே! சூட்டோடு அளந்து "சரி" என்று போட்டது, டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் குட்டையாக இருக்கும். பால் மாதிரி வெள்ளையாக ஊற்றுகிறார்களே கூலண்ட், அது கத்தியைக் காப்பாற்ற மட்டும் இல்லை. அளவையும் காப்பாற்றத்தான்.

ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போவதும் ஏமாற்று. முகம் கோணலாக இருந்தால் ஒரு பக்கம் 60.00, எதிர்ப்பக்கம் 59.93 என்று வரும். உருட்டி உருட்டி நாலு இடத்தில் அளக்க வேண்டும்.

அளக்கிற கருவிக்கும் தராதரம் உண்டு. சாதாரண மெட்ரிக் வெர்னியர் காட்டும் சின்ன அளவு 0.02 மி.மீ. மைக்ரோமீட்டர் 0.01. அதன் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றிலும் 50 கோடு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது நம்பர் காட்டும் டிஜிட்டல் வெர்னியர் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற சாமானாகிவிட்டது. நம்பர் தெளிவாகத் தெரிகிறது. நம்பர் தெளிவாக இருப்பதால் அளவு சரி என்று அர்த்தமில்லை. வாயில் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்துத்தான் காட்டும்!

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி. ஹென்றி மாட்ஸ்லே என்று லண்டனில் ஒருவர். லேத்தை இன்றைய ரூபத்துக்குக் கொண்டுவந்த மகாராசர்களில் முக்கியமானவர். 1800-களின் தொடக்கத்தில் தன் பட்டறையில் மேஜை மேல் வைக்கிற மைக்ரோமீட்டர் ஒன்று செய்து வைத்திருந்தார். அளவில் தகராறு வந்தால் அதில் வைத்துப் பார்ப்பதுதான் முடிவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதனால் அதற்கு 'லார்டு சான்சலர்' என்று பட்டப்பெயர், அதாவது அந்த ஊர்ப் பெரிய நீதிபதி! நம்ம ஊர்ப் பட்டறைகளில் அப்படி ஒரு நீதிபதி இல்லாமல், வாங்குகிறவர் மைக்ரோமீட்டர் ஒன்று சொல்ல, கொடுக்கிறவர் வெர்னியர் ஒன்று சொல்ல, சண்டை பில்லில் வந்து நிற்கிறது.

கெட்டிக்காரன் எப்படி அறுக்கிறான்?

ஒரே வெட்டில் அளவு கொண்டுவரலாம் என்று அவன் ஆசைப்படுவதில்லை. வேண்டிய நீளத்தைவிட 0.2, 0.3 மி.மீ. கூடவே அறுத்துப் போடுகிறான். நூறு துண்டு சேர்ந்ததும் பிசிறு எடுத்து, காலெட்டில் திருப்பிப் போட்டு, ஸ்டாப்பரில் முட்டி நிறுத்தி, முகத்தை மட்டும் மெல்லிசாகச் சீவுகிறான். அறுக்கிற கத்திக்கு அளவுப் பொறுப்பு இல்லை. சீவுகிற கத்திக்கு வெட்டும் பாரம் இல்லை. வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

சீவும்போது கேரேஜைத் தள்ளி அளவு வைப்பதில்லை. அதைப் பூட்டிவிட்டு, மேலே உள்ள சின்ன ஸ்லைடைத் திருகுகிறான். டயலை எப்போதும் ஒரே பக்கமாகத் திருகி வந்து நிறுத்துகிறான். தாண்டிப் போய்விட்டால் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து விட முடியாது. திருகில் 'ப்ளே' இருக்கும். டயல் நகரும், கத்தி நகராது. அரைச் சுற்று பின்னே போய்த் திரும்ப வந்தால்தான் நம்பலாம்.

முதல் துண்டுக்குத்தான் நேரம். முதல் துண்டு சரியாக வந்தால் அதை மாதிரியாகத் தனியே எடுத்து வைக்கிறான். அப்புறம் பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று அளந்தால் போதும். கத்தி மழுங்க மழுங்க நீளம் மெல்ல மெல்லக் கூடும் என்பது அவனுக்குத் தெரியும். சத்தத்தில் மாற்றம் கேட்டாலே கை டயலுக்குப் போய்விடும்.

கையுறை போடாதே!

கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். தொழிற்சாலை என்றால் கையுறை போடு என்பார்கள். ஓடுகிற லேத்தில் கையுறை கூடாது! நூல் நுனி சக்கில் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டை, கழுத்துச் சங்கிலி, தொங்கும் அடையாள அட்டை, எதுவும் கூடாது.

குழாய் வேலையில் இன்னொரு தனி ஆபத்து. ஓடும்போதே விரல் நுனியில் எமரித் தாளைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டுப் பிசிறு எடுக்கிற பழக்கம். ஒரு விநாடி. தாள் மடங்கி விரலோடு சுற்றிக்கொண்டால் அவ்வளவுதான். மிஷினை நிறுத்திவிட்டு எடுத்தால் அரை நிமிஷம் நஷ்டம்.

அறுந்து விழும் துண்டைக் கையால் பிடிப்பதும் அப்படித்தான். அனுபவசாலிகள் டெயில் ஸ்டாக்கில் ஒரு மெல்லிய கம்பியை மாட்டிக் குழாயின் ஓட்டைக்குள் நீட்டி வைக்கிறார்கள். துண்டு அறுந்ததும் கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்கும். கீழே விழுந்து ஓரம் அடிபடுவதும் இல்லை, கையும் பத்திரம். ஒரு கம்பிதான் செலவு.

விரல் போனால் யார் பார்ப்பது? பொதுவாக பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் ஈ.எஸ்.ஐ. கட்டாயம். இரண்டு லேத், மூன்று ஆள் பட்டறையில் அது கிடையாது. முதலாளியும் பக்கத்து லேத்தில் நின்று கடைந்துகொண்டுதான் இருப்பார். நஷ்ட ஈடு கேட்கப் போனால் அவர் சட்டையிலும் அதே கிரீஸ்தான். இந்த நகரத்தின் சக்கரங்களுக்குத் துண்டு அறுத்துக் கொடுக்கிறவர்களின் விரலுக்கு அட்டை கூட இல்லை என்பது வயிற்றெரிச்சலான சமாசாரம். பேட்டைக்குப் பேட்டை அதிகாரிகள் வருகிறார்கள். ஷட்டர் போட்ட சந்துக்குள்ளே எத்தனை பேர் நுழைகிறார்கள்?

கரண்டும் வெள்ளமும்

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள் நினைவிருக்கிறதா? வீட்டில் விசிறி நின்றது. பட்டறையில் கத்தி குழாய்க்குள் பாதி இறங்கியிருக்கும்போது லேத் நின்றது! கத்தியை வெளியே எடுக்காமல் விட்டுவிட்டு, கரண்டு வந்ததும் மறுபடி ஓடினால் கத்தி ஒடியும். கரண்டு போனால் முதலில் மெழுகுவத்தி தேடுவதில்லை, ஸ்லைடைத்தான் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்பது அந்த நாளில் கற்ற பாடம்.

வெள்ளம் அதைவிடக் கொடுமை. 2015 டிசம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை பட்டறையாகத் தண்ணீர் புகுந்தது. மோட்டாரைக் காயவைத்துச் சுற்றிக் கட்டிவிடலாம். ஆனால் ஹெட் ஸ்டாக்குக்குள் எண்ணெயோடு சேறு கலந்தால் உள்ளே இருக்கும் பேரிங் துருப்பிடிக்கும். பெட் மேலே துரு ஏறினால் கேரேஜ் நெளிந்து நெளிந்து ஓடும். வெளியே பார்க்க மிஷின் ஓடுகிறது. முடி கனம் மட்டும் நிற்பதில்லை. முடி கனம் போனால் அந்த மிஷினுக்கு ஸ்பேசர் ஆர்டர் வராது. நஷ்டக் கணக்கு எடுக்க வருகிறவர்கள், ஓடுகிற மிஷினைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிக்கொண்டு போனால், அதை எப்படி விளக்குவது? மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரும் பட்டியலில் தொழிற்பேட்டை எத்தனையாவது இடம் என்பதை மாநகராட்சிதான் சொல்ல வேண்டும்.

தானியங்கி வந்தாச்சே?

வந்துவிட்டது. 'ட்ராப்' என்று பட்டறையில் சொல்கிற தானியங்கி லேத், தட்டுத் தட்டான கேம்களைச் சுற்றிக்கொண்டு தானே நீட்டி, தானே சீவி, தானே அறுத்துக் கூடையில் போடும். ஒருத்தரே இரண்டு மூன்று மிஷினைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பின் சி.என்.சி. வந்தது. இப்போது பெரிய ஆர்டரெல்லாம் அதில்தான்.

ஆனால் சி.என்.சி.யிலும் பிடிப்பது காலெட்தான். குழாய் ஒல்லியானால் அதுவும் இழுக்கும். அறுந்த ஓரத்தில் பிசிறு அங்கேயும் நிற்கும். சுட்டால் அங்கேயும் நீளும். கம்ப்யூட்டர் கத்தியை மைக்ரான் கணக்கில் நகர்த்தும்; மழுங்கின கத்தியைத் தீட்டச் சொல்லி ஆளைத்தான் கூப்பிடும். ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு இரண்டு வருஷம். அதில் பழைய லேத்தில் நின்று கை பழகியவன் சி.என்.சி.க்குப் போனால் சீக்கிரம் தேறிவிடுகிறான் என்று பட்டறைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பழைய வண்டிக்கு ஒற்றைத் துண்டு வேண்டுமென்றால் இன்றும் புதுப்பேட்டைப் பக்கத்து லேத்துதான் கதி. கம்பெனியில் அந்த மாடலே நின்றுபோயிருக்கும். ஒரு துண்டுக்காக சி.என்.சி.யில் புரோகிராம் எழுத யாருக்கு நேரம்?

வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

அடுத்த தடவை சக்கரத்தில் பேரிங் மாற்றக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்ததும் நடுவில் இருக்கும் குழாய்த் துண்டு வெளியே வரும். அதன் முகம் இரண்டும் அடிபட்டுச் சப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உளியால் தட்டியதில் ஓரம் மடிந்திருந்தால் அரத்தால் ராவி மாட்டச் சொல்லாதீர்கள். ராவினால் நீளம் குறையும், முகம் கோணும். மாற்றுங்கள். துண்டு இல்லாமலேயே மாட்டி அனுப்புகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள், உஷார்!

புதுத் துண்டு லேத்தில் போட்டு வாங்கினால் அளக்கச் சொல்லுங்கள். ஆறினபிறகு, பிசிறு எடுத்தபிறகு, நாலு இடத்தில்.

மாட்டி முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை. ஆக்ஸில் நட்டை முறுக்குவதற்கு முன்னால் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். அப்புறம் நட்டை முழுசாக முறுக்கி மறுபடி சுற்றுங்கள். பிரேக் உரசாமலே, முறுக்கின பிறகு சக்கரம் கனத்துச் சுற்றினால் துண்டு குட்டை. அங்கேயே கழற்றச் சொல்லிவிடுங்கள்.